பிறர் செய்த வாழ்த்து அட்டையை நம் பாணிக்கு மாற்றுவது: எதை எடுக்கலாம், எதை விடலாம்?

காகிதக்கிளி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். இரண்டு வாரங்களாக ஒரே அட்டையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.

வேறொரு கைவினைஞர் வாட்டர்கலரில் செய்திருந்த நன்றி அட்டை ஒன்று என் மனத்தில் ஒட்டிக்கொண்டது. வெள்ளைத் தாளில், மேல் இடது மூலையிலிருந்து ஒரு கிளை சாய்வாக இறங்குகிறது. அதில் சாம்பல் கலந்த பச்சையில் ஏழு இலைகள், ஐந்து மொட்டுகள். மொட்டுகளில் ஒன்று மட்டும் சிவப்பு. கீழே வலது ஓரத்தில், மிகச் சிறிய எழுத்தில் ‘நன்றி’. பாதிக்கு மேல் வெற்றிடம்தான்.

நான் குவில்லிங், அதாவது காகிதப் பட்டைகளைச் சுருட்டி ஒட்டும் வேலை, செய்பவள். அதே கிளையையும் அதே இலைகளையும் காகிதச் சுருள்களால் செய்தேன். அப்படியே எடுத்ததாக இருக்கக் கூடாது என்பதற்காகச் சிவப்பு மொட்டை மஞ்சளாக்கினேன். வெள்ளைத் தாளுக்குப் பதில் இளமஞ்சள் தாள் வைத்தேன். கீழ்ப்பாதி வெறிச்சென்று இருந்ததால் இரண்டு பட்டாம்பூச்சிகளையும் சுற்றிலும் ஒரு கரையையும் சேர்த்தேன். முடித்துப் பார்த்தால் அது அவருடைய அட்டையைப் போலவும் இல்லை, என்னுடைய அட்டையைப் போலவும் இல்லை. இரவல் சட்டையைக் கை மடித்துப் போட்டுக்கொண்டதைப் போல இருக்கிறது.

வண்ணத்தையும் பொருளையும் மாற்றினால் அது நம்முடையதாகிவிடுமா? ஆகாது என்றால், எதை மாற்ற வேண்டும்? இப்படிச் செய்த அட்டையை நாலு பேர் பார்க்க வைப்பதும் விற்பதும் முறைதானா? அனுபவமுள்ளவர்கள் விரிவாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

மடிப்புக்கோடு எழுதியது:

தோழி, நீங்கள் மாற்றக் கூடாததை மாற்றிவிட்டு, மாற்ற வேண்டியதை விட்டுவிட்டீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த அட்டையை நான் பார்த்ததில்லை. ஆனால் நீங்கள் எழுதியதிலிருந்தே அதன் உயிர் எங்கே இருக்கிறது என்று தெரிகிறது. நாலு மொட்டுகள் அடங்கியிருக்க, ஒன்று மட்டும் கண்ணை இழுக்கிறது. அந்த ஒன்று பேசுவதற்காக அட்டையின் பாதி வாயை மூடிக்கொண்டிருக்கிறது. இந்த இரண்டு முடிவுகளும்தான் அந்த அட்டை. நீங்கள் வெற்றிடத்தைப் பட்டாம்பூச்சிகளால் நிரப்பியதும், இளமஞ்சள் தாளில் மஞ்சள் மொட்டு வைத்ததும் அந்த இரண்டையும் ஒரே மூச்சில் அழித்துவிட்டன. மிச்சமிருப்பது ஏழு இலைகள் மட்டுமே. இலைகளை யார் வேண்டுமானாலும் வரையலாம்.

எனக்குப் பிடித்த அட்டையைக் கண்டால் நான் செய்வது இதுதான். ஒரு துண்டுத் தாளில் வெறும் கட்டங்களாகவும் கோடுகளாகவும் அதன் எலும்புக்கூட்டை வரைந்துகொள்வேன். பூ, இலை, எழுத்து எதையும் வரைவதில்லை. கனமான பகுதிக்கு ஒரு கறுப்புக் கட்டம், எழுத்துக்கு ஒரு கோடு, மற்ற இடம் வெள்ளை. இதைத்தான் அட்டை செய்பவர்கள் ஸ்கெட்ச் என்று சொல்கிறார்கள். வரைந்து முடித்ததும் கை நீட்டும் தூரத்தில் பிடித்து, கண் முதலில் எங்கே போகிறது, அடுத்து எங்கே போகிறது, எங்கே இளைப்பாறுகிறது என்று பார்ப்பேன். அதைப் பக்கத்தில் ஒரே வரியில் எழுதிவைப்பேன். உங்கள் அட்டைக்கு நான் எழுதியிருக்கக்கூடிய வரி: ‘சாய்ந்த கிளையில் ஒரே ஒரு விழித்த மொட்டு, அதன் கீழே நிறைய மௌனம்.’

பிறகு மூல அட்டையின் படத்தை மூடிவைத்துவிட்டு, இரண்டு மூன்று நாள் கழித்து, அந்த வரியையும் எலும்புக்கூட்டையும் மட்டும் எதிரில் வைத்துக்கொண்டு உட்காருவேன். பார்த்துச் செய்யாதீர்கள், பார்த்துவிட்டுச் செய்யுங்கள். இடையில் மறந்துபோகிறவற்றின் இடத்தில் உங்கள் கையே எதையாவது கொண்டுவந்து வைக்கும்.

கத்தரி எழுதியது:

மேலே சொன்னது பத்து வருடம் செய்தவர்களுக்குச் சரி. இப்போதுதான் தொடங்கியவர்களிடம் ‘பார்க்காமல் செய்’ என்றால் அவர்கள் எதைச் செய்வார்கள்? நான் முதல் ஒரு வருடம் முழுவதும் பிறர் அட்டைகளை அங்குலம் பிசகாமல் அப்படியே செய்துகொண்டிருந்தேன், அதற்காக வெட்கப்படவில்லை. எழுத்தின் மேல் எழுதிப் பழகாமல் யாருக்கும் கையெழுத்து வந்ததில்லை.

ரப்பர் ஸ்டாம்ப் வைத்து அட்டை செய்பவர்கள் இதற்கு ‘கேஸ்’ என்றே ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். ‘காப்பி அண்ட் ஷேர் எவ்ரிதிங்’ என்பதன் முதலெழுத்துகள் அவை. அதாவது நகலெடு, எல்லாவற்றையும் பகிர்ந்துகொள். அதையே ‘காப்பி அண்ட் செலக்டிவ்லி எடிட்’ என்று, வேண்டியதை மட்டும் மாற்றிக்கொள் என்ற பொருளில் விரிப்பவர்களும் உண்டு. இந்த இழையில் நாம் அடித்துக்கொள்வது முழுவதும் இந்த இரண்டு விரிவுகளுக்கு நடுவில்தான் என்பது என் எண்ணம்.

அப்படியே நகலெடுத்ததால் நான் கற்றது ஒன்றைச் சொல்கிறேன். அடித்தாளின் மேல் ஒட்டும் தாளை நாலு பக்கமும் 3 மில்லிமீட்டர் விட்டு வெட்டினால்தான் அது சட்டம் போட்டதுபோல நிற்கும் என்பதை எந்தப் பாடமும் எனக்குச் சொல்லவில்லை. பிறருடைய அட்டையை அளவுகோல் வைத்து அளந்தபோதுதான் தெரிந்தது. அதுவரை கண்ணளவில் வெட்டி, ஒரு பக்கம் தடித்தும் ஒரு பக்கம் மெலிந்தும், கோணல் கழுத்துப்பட்டை போல ஒட்டிக்கொண்டிருந்தேன். ஆகவே முதலில் அப்படியே செய்யுங்கள். உங்கள் மேசையறைக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். யாரிடமும் காட்ட வேண்டியதில்லை. அதன் பிறகு மாற்றுங்கள்.

மைவிரல் எழுதியது:

இருவர் சொன்னதும் தளவமைப்பைப் பற்றியது. காகிதக்கிளியின் சிக்கலில் பாதி வேறு இடத்தில் இருக்கிறது: அவர் ஒரு செய்முறையில் பிறந்த அட்டையை இன்னொரு செய்முறைக்குள் கொண்டுவருகிறார். அப்போது உருவத்தை மாற்றினால் போதாது. மூலச் செய்முறை அந்த அட்டைக்கு என்ன வேலை செய்து கொடுத்தது என்று கேட்டு, அந்த வேலையை நம் செய்முறையில் எது செய்யும் என்று தேட வேண்டும்.

வாட்டர்கலரில் இலை எப்படி இருக்கும்? காம்பருகே நிறம் தேங்கிக் கறுத்திருக்கும். நுனியை நோக்கிப் போகப் போகத் தண்ணீர் நிறத்தை இழுத்துக் கரைத்து, கடைசியில் தாளோடு தாளாகிவிடும். அந்த அட்டையின் அமைதி அந்தக் கரைதலிலிருந்துதான் வந்திருக்கும். நீங்கள் அதே பச்சையில் ஏழு கண்ணீர்த்துளி வடிவச் சுருள்களைச் செய்து ஒட்டியிருப்பீர்கள். ஒவ்வொன்றும் ஒரே அழுத்தத்தில் இருந்திருக்கும். அதனால்தான் இலை முத்திரை குத்தியதுபோல் ஆகிவிட்டது.

குவில்லிங்கில் நிறத்தின் அடர்த்தியைத் தீர்மானிப்பது சுருளின் நெருக்கம். ஒரே நிறப் பட்டையை இறுக்கிச் சுற்றினால் கருமையாகத் தெரியும்; தளர விட்டால் இடையிடையே அடித்தாள் தெரிந்து வெளிறித் தெரியும். காம்பருகே இறுகியும் நுனியருகே விரிந்தும் இருக்கும்படி சுருளின் மையத்தை ஒரு குண்டூசியால் ஒரு பக்கம் இழுத்து ஒட்டிப் பாருங்கள். தண்ணீர் செய்த வேலையைக் காற்று செய்யும். இதற்கு மூல அட்டையைச் செய்தவர் எந்த வழியும் காட்டியிருக்க மாட்டார். நீங்களேதான் கண்டுபிடிக்க வேண்டும். அந்தக் கண்டுபிடிப்பு உங்களுடையது.

ஒரு சின்ன எச்சரிக்கை. குவில்லிங்கில் நாம் பார்ப்பது தாளின் முகத்தையன்று, விளிம்பை. மேற்பரப்பில் மட்டும் அச்சடித்த வண்ணத் தாளைப் பட்டையாக வெட்டினால் விளிம்பு வெள்ளையாகத்தான் இருக்கும். உள்ளும் புறமும் ஒரே நிறமாக ஊறிய தாள் வேண்டும்.

செய்முறை மாற்றத்தில் நான் பட்டதையும் சொல்லிவிடுகிறேன். ஒருவர் ஸ்டாம்ப் குத்தி ஆல்கஹால் மார்க்கரால் வண்ணமிட்ட ஒரு பறவையைப் பார்த்து, அதையே வாட்டர்கலரில் செய்ய ஆசைப்பட்டேன். அவர் பயன்படுத்திய அதே வகை மையையே வாங்கிக் குத்தினேன். தூரிகை பட்டதும் பறவையின் கோடு முழுவதும் கலங்கி, சாக்கடையில் விழுந்து எழுந்த காக்கையாகிவிட்டது. ஆல்கஹால் மார்க்கருக்கு அசையாமல் நிற்கும் அந்த மை நீரில் கரையக்கூடியது. நீருக்கு அசையாத சால்வென்ட் மையோ ஆல்கஹால் பட்டால் கலங்கும். செய்முறையை மாற்றும்போது மையும் தாளும் கூடவே மாற வேண்டும் என்பதை ஒரு கட்டுத் தாள் செலவழித்துக் கற்றுக்கொண்டேன்.

காகிதக்கிளி எழுதியது:

மைவிரல் அக்கா, நீங்கள் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. ஏழு இலைகளும் ஒரே அச்சில் வார்த்ததுபோலத்தான் இருந்தன. நேற்றிரவு மையத்தை ஒரு பக்கம் இழுத்து நாலு இலைகள் செய்து பார்த்தேன். மூன்று பிரிந்துவிட்டன, ஒன்று நின்றது. அந்த ஒன்றைப் பார்த்த பிறகு பழையவற்றைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

இன்னொரு குழப்பம். மூல அட்டை அளவுக் குறிப்போடு வெளியிடப்பட்டிருந்தது, எல்லாம் அங்குலத்தில். என்னிடம் இருப்பது ஏ4 தாள். அவர் சொன்ன அளவில் மேல்தாளை வெட்டி என் அட்டையில் ஒட்டினால், பக்கவாட்டில் இடமே இல்லை, மேலும் கீழும் அகலமாக இடைவெளி. நான் வெட்டியதில் பிழையா?

ஓரவெட்டு எழுதியது:

வெட்டியதில் பிழை இல்லை. இரண்டு தாள் குடும்பங்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

அங்குலத்தில் அளவு கொடுப்பவர்கள் பெரும்பாலும் 8.5 × 11 அங்குல லெட்டர் தாளிலிருந்து தொடங்குகிறார்கள். அதை இரண்டாக வெட்டி மடித்தால் 4.25 × 5.5 அங்குல அட்டை, அதாவது சுமார் 108 × 140 மில்லிமீட்டர். அதை அவர்கள் ஏ2 அட்டை என்பார்கள். இந்தப் பெயரைக் கேட்டு ஏ4-க்கு அண்ணன் என்று நினைத்துவிடாதீர்கள்; அது அமெரிக்க உறை அளவின் பெயர். நம் ஏ4 வரிசையிலுள்ள ஏ2 என்பது 420 × 594 மில்லிமீட்டர், சுவரில் ஒட்டும் சுவரொட்டி அளவு. ஏ4 தாளை இரண்டாக வெட்டி மடித்தால் கிடைப்பது ஏ6: 105 × 148 மில்லிமீட்டர். ஆக, உங்கள் அட்டை அவருடையதைவிட 3 மில்லிமீட்டர் ஒடுக்கம், 8 மில்லிமீட்டர் உயரம்.

அவர் 4 × 5.25 அங்குலத்தில் மேல்தாள் வெட்டச் சொல்லியிருப்பார். அது 102 × 133 மில்லிமீட்டர். அவருடைய அட்டையில் அது நாலு பக்கமும் 3 மில்லிமீட்டர் விட்டு உட்காரும். உங்கள் ஏ6 அட்டையில் பக்கத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டரும், மேலும் கீழும் ஏழரை மில்லிமீட்டரும் மிஞ்சும். நீங்கள் பார்த்தது இதைத்தான். உங்களுக்கு வேண்டிய மேல்தாள் 99 × 142.

இனி முக்கியமான கேள்வி: கூடுதலாகக் கிடைக்கும் உயரத்தை என்ன செய்வது? பலர் எல்லாவற்றையும் சரிசமமாக இழுத்துப் பெரிதாக்குகிறார்கள். நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். கிளை அதே அளவில் இருக்கட்டும். கூடுதல் உயரம் முழுவதையும் வெற்றிடத்துக்குக் கொடுத்துவிடுங்கள். மடிப்புக்கோடு சொன்ன மௌனம் இன்னும் கொஞ்சம் நீளும், அவ்வளவுதான். எதிர்மாறாக, அட்டையின் பலம் நெருக்கத்தில் இருந்தால், கட்டங்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு நிற்கும் வடிவமாக இருந்தால், அங்கே கட்டத்தைத்தான் பெரிதாக்க வேண்டும்.

தாளின் கனத்திலும் இதே குழப்பம் உண்டு. 110 பவுண்டு கவர் தாள் (அட்டைக்கான தடித்த தாள்) என்று அவர்கள் சொல்வது சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 300 கிராம். 80 பவுண்டு கவர் தாள் ஏறத்தாழ 216 கிராம். ஆனால் 140 பவுண்டு வாட்டர்கலர் தாளும் அதே 300 கிராம்தான். 500 தாள்களின் எடையைத்தான் பவுண்டில் சொல்கிறார்கள். ஒவ்வொரு வகைத் தாளுக்கும் அந்தத் தாளின் அடிப்படை அளவு வேறு. பவுண்டை மறந்துவிட்டுக் கிராமைக் கேட்டு வாங்குங்கள். குவில்லிங் ஏற்றும் அட்டைக்கு 300 கிராமுக்குக் குறைந்தால் அடித்தாள் வளைந்து, அட்டை நிற்கும்போது முன்னால் குனியும்.

மூல அட்டை தட்டையானது. உங்களுடையது மேடு தட்டும். 3 மில்லிமீட்டர் அகலப் பட்டையில் செய்த இலை 3 மில்லிமீட்டர் உயரம் நிற்கும்; சாதாரண உறையில் போட்டு அனுப்பினால் நசுங்கும். 1.5 மில்லிமீட்டர் பட்டையைப் பயன்படுத்துங்கள், அல்லது அட்டைக்கு ஆழமுள்ள உறை ஒன்றைச் சேர்த்தே வடிவமையுங்கள்.

நீலத்தாள் எழுதியது:

அளவு, மை, சுருள் எல்லாம் சரி. காகிதக்கிளியின் கடைசிக் கேள்வியை யாரும் தொடவில்லை. நான் அந்தப் பக்கத்தில் நின்று அடி வாங்கியவள் என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இரங்கல் அட்டை செய்தேன். கிழித்த ஓரமுள்ள நீலத் தாள் மூன்று அடுக்காக, மேலே ஒற்றைப் புல். உள்ளே நானே எழுதிய நாலு வரிகள். படம் வெளியிட்டேன், பலர் பாராட்டினார்கள், பலர் தங்கள் விதத்தில் செய்து காட்டினார்கள், மகிழ்ச்சியாகவே இருந்தது. பிறகு ஒருவர் அதே அட்டையைத் தன் வடிவமைப்பு என்று சொல்லி விற்றுக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். தாளின் அடுக்கு அதே, நாலு வரிகள் அதே. அவற்றையெல்லாம்கூட மன்னித்திருப்பேன். என் புல்லின் ஓர் இலை மட்டும் பின்பக்கம் திரும்பி ஒட்டியிருக்கும். அது வடிவமைப்பு இல்லை. பசை சட்டென்று காய்ந்துவிட்டதால் நேர்ந்த பிழை. அவர் அந்தப் பிழையையும் சேர்த்து நகலெடுத்திருந்தார். ஏன் அந்தப் புல் அப்படித் திரும்பியிருக்கிறது என்று ஒரு நொடியாவது நினைத்திருந்தால் அதைச் செய்திருக்க மாட்டார்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. 1886-இல் உருவான பெர்ன் என்ற பன்னாட்டு உடன்படிக்கையில் சேர்ந்துள்ள நாடுகளில், படைப்பின் காப்புரிமைக்கு (காப்பிரைட்) எங்கும் போய்ப் பதிவுசெய்ய வேண்டியதில்லை. அதே வேளையில், 1995-இல் நடைமுறைக்கு வந்த, உலக வணிக அமைப்பின் டிரிப்ஸ் ஒப்பந்தத்தின் 9-ஆம் பிரிவு, காப்புரிமை வெளிப்பாட்டுக்குத்தான் உண்டு, கருத்துக்கும் செய்முறைக்கும் இல்லை என்று தெளிவாகச் சொல்கிறது. நம் தொழிலுக்கு இதைப் பெயர்த்துச் சொன்னால்: கிழித்த ஓரத்தை அடுக்குவது யாருடைய சொத்தும் இல்லை, சாய்ந்த கிளையும் யாருடையதும் இல்லை, ஒற்றை நிறத்தில் ஒன்றை மட்டும் வேறு நிறமாக்குவதும் இல்லை. ஆனால் நான் வரைந்த அந்தப் புல்லும் நான் எழுதிய அந்த நாலு வரிகளும் என்னுடையவை. இரண்டுக்கும் நடுவில் ஒரு மங்கலான பகுதி இருக்கிறது. அந்தப் பகுதியில் நம்மை வழிநடத்துவது சட்டத்தைவிட நாணயம்தான்.

ஸ்டாம்ப் பயன்படுத்துகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ரப்பரில் செதுக்கிய உருவம் அதை வரைந்தவருக்கோ நிறுவனத்துக்கோ உரியது. அதைக் கையால் குத்திச் செய்த அட்டையை விற்கலாமா என்பதைப் பல நிறுவனங்கள் ‘ஏஞ்சல் பாலிசி’ என்ற பெயரில் அறிவித்திருக்கும். வழக்கமாக, கையால் குத்தியதை விற்க அனுமதி உண்டு. குத்தியதை ஸ்கேன் செய்தோ பிரதியெடுத்தோ பெருக்கி விற்க அனுமதி இருக்காது. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் இது மாறும். விற்பதற்கு முன் படித்துவிடுங்கள்.

என் நடைமுறை இது: பழகுவதற்குச் செய்த நகலை விற்பதில்லை. மாற்றிச் செய்ததைக் காட்டும்போது யாருடைய அட்டையிலிருந்து தொடங்கினேன் என்பதை முதல் வரியிலேயே எழுதிவிடுவேன். விற்க நினைத்தால் மூல அட்டை செய்தவருக்கு ஒரு வரி எழுதிக் கேட்பேன். இதுவரை கேட்ட யாரும் மறுக்கவில்லை. கேட்காமல் எடுத்தவர்மேல்தான் எல்லாருக்கும் கோபம் வருகிறது.

கத்தரி எழுதியது:

நீலத்தாள், அந்தத் திரும்பிய புல்லைப் படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. என் மேசையறையில் இருக்கும் நகல்களில் இப்படி எத்தனை பேருடைய பசைப் பிழைகளை நான் அக்கறையாக அளந்து வெட்டியிருக்கிறேனோ! அப்படியே செய்யச் சொன்னதை நான் திரும்பப் பெறவில்லை. ஆனால் செய்யும்போது ‘இது ஏன் இப்படி இருக்கிறது’ என்று ஒவ்வொரு துண்டுக்கும் கேட்க வேண்டும் என்பதைச் சேர்த்துக்கொள்கிறேன்.

பழையதாள் எழுதியது:

நீங்கள் பேசுவதைப் படிக்கும்போது 19-ஆம் நூற்றாண்டுக் கதை ஒன்று நினைவுக்கு வருகிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரில் எஸ்தர் ஹௌலண்ட் என்ற பெண் இருந்தார். அவருடைய தந்தை எழுதுபொருள் கடை வைத்திருந்தார். 1847-இல் கல்லூரி முடித்து வந்த காலத்தில் அவர் கைக்கு, இங்கிலாந்தில் செய்த அலங்காரமான காதல் வாழ்த்து அட்டை ஒன்று வந்தது. சரிகை (லேஸ்) போலத் துளையிட்டு வெட்டிய தாளும் பூக்களும் ஒட்டியது. இதை நாமே செய்யலாமே என்று அவருக்குத் தோன்றியது. இங்கிலாந்திலிருந்து சரிகைத் தாளை வரவழைத்துச் சில மாதிரிகள் செய்து, விற்பனைப் பயணம் போன தன் சகோதரனிடம் கொடுத்தனுப்பினார். அவர் எதிர்பார்த்ததைப் போலப் பல மடங்கு ஆர்டர் வந்து குவிந்ததால், தோழிகளை வீட்டுக்கு அழைத்து, ஒருவர் வெட்ட, ஒருவர் அடுக்க, ஒருவர் ஒட்ட என்று வேலையைப் பிரித்துக்கொடுத்துச் செய்தார்.

தொடக்கம் முழுக்க இரவல்தான். சரிகைத் தாள்கூட அதே இங்கிலாந்திலிருந்து வந்தது. ஆனால் அவர் செய்த ஒரு சின்ன மாற்றத்தை என்னால் மறக்க முடியவில்லை. வெள்ளைச் சரிகைத் தாளின் அடியில் பளிச்சென்ற வண்ணத் தாள் துண்டை வைத்தார். அதுவரை வெள்ளையோடு வெள்ளையாக மங்கிக் கிடந்த துளை வேலைப்பாடு முழுவதும் எழுந்து நின்றது. அவருடைய அட்டைகளின் பின்புறத்தில் சிவப்பு மையில் சிறிய ‘எச்’ எழுத்து இருக்கும். சேகரிப்பவர்கள் அதை வைத்துத்தான் அடையாளம் காண்கிறார்கள்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. அவருடைய பெயரை இன்று நாம் சொல்கிறோம். அவருக்கு வந்த அந்த முதல் அட்டையை ஒட்டிய கைக்கு அந்தக் கதையில் பெயரில்லை.

மடிப்புக்கோடு எழுதியது:

அந்த வண்ணத் துண்டுதான் நான் முதலில் சொல்ல முயன்றது. சரிகையை அவர் தொடவே இல்லை; அதைப் பார்க்க வைத்தார்.

‘என் பாணி’ என்று எல்லாரும் சொல்கிறோம். அது எதுவென்று கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். உங்களுடைய அட்டைகளில் பத்தையோ பன்னிரண்டையோ தரையில் பரப்பி, ஒரு நாற்காலியில் ஏறி நின்று பாருங்கள். எது திரும்பத் திரும்ப வருகிறதோ அதுதான் உங்கள் பாணி. நான் பார்த்தபோது என் அட்டைகள் எல்லாமே இடது பக்கம் கனத்திருந்தன. எழுத்து எப்போதும் தாழ்ந்து கிடந்தது. பன்னிரண்டில் ஒன்பதில் தாளின் ஓரம் கிழிந்திருந்தது. கிழித்த ஓரம் என் கலை ரசனை என்று அதுவரை எண்ணியிருந்தேன். உண்மையில் என்னிடம் தாளை அச்சு வைத்து வடிவமாக வெட்டும் டை கட்டிங் மெஷின் இல்லை. நேராக வெட்ட வராத இடத்தையெல்லாம் கிழித்துச் சமாளித்திருக்கிறேன். பிறகு மெஷின் வந்தது. இரண்டு மாதம் வளைத்து வளைத்து வெட்டினேன். இப்போது மறுபடியும் கிழிக்கிறேன்.

இன்னொரு சோதனை, வண்ணம் மாற்றுகிறவர்களுக்கு. மூல அட்டையையும் உங்கள் அட்டையையும் கறுப்பு வெள்ளையில் படம் எடுத்துப் பாருங்கள். நிறத்தின் பெயர் மாறினாலும் வெளிச்சமும் இருட்டும் அதே உறவில் இருந்தால் அட்டை நிற்கும். காகிதக்கிளியின் மஞ்சள் மொட்டு இளமஞ்சள் தாளில் கறுப்பு வெள்ளையில் காணாமலே போயிருக்கும் என்று பந்தயம் கட்டுவேன். சிவப்பிலும் கவனம் தேவை. சில சிவப்பும் சில பச்சையும் கறுப்பு வெள்ளையில் ஒரே சாம்பலாகிவிடும். அப்போது இரண்டையும் பிரித்துக் காட்டுவது நிறம் மட்டுமே. அந்தப் பொறுப்பை வேறொன்றுக்குக் கொடுக்க முடியாது.

காகிதக்கிளி எழுதியது:

பந்தயத்தில் நீங்கள் வென்றுவிட்டீர்கள். கறுப்பு வெள்ளையில் மஞ்சள் மொட்டு இருந்த இடமே தெரியவில்லை.

நேற்று மூன்றாவது அட்டையை முடித்தேன். மூலப் படத்தை நாலு நாள் பார்க்கவில்லை. வெள்ளை மேல்தாள், 99 × 142. இலைகள் ஒரே ஒரு பச்சை, 1.5 மில்லிமீட்டர் பட்டை. காம்பருகே இறுக்கம், நுனியில் தளர்வு. மொட்டுகளை ஐந்தும் ஒரே பச்சையிலேயே வைத்துவிட்டேன். நாலை இறுக்கமான சுருளாகச் செய்து, ஐந்தாவதை மட்டும் பசை போடாமல் விட்டேன். அது தானே அவிழ்ந்து, உள்ளே சுழி தெரிய விரிந்து நிற்கிறது. நிறம் செய்த வேலையை அவிழ்தல் செய்யட்டும் என்று விட்டுவிட்டேன். வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து விழுந்தால் அதன் நிழல் மட்டும் மற்றவற்றைவிட நீளமாக விழுகிறது.

முடித்த பிறகு மூலப் படத்தைத் திறந்து பார்த்தேன். அவருடைய கிளை இடமிருந்து வலமாக இறங்குகிறது. என்னுடையது வலமிருந்து இடமாக இறங்குகிறது. எப்போது மாறியது என்று எனக்கே தெரியவில்லை. என் பழைய அட்டைகளைத் தரையில் பரப்பியபோது விடை கிடைத்தது: என் கிளைகள் எல்லாமே வலப்பக்கம்தான் தொடங்குகின்றன. நான் இடக்கைக்காரி.

மூல அட்டை செய்தவருக்குப் படத்தோடு எழுதியிருக்கிறேன். பின்புறத்தில் ‘தொடக்கம்’ என்று எழுதி அவர் பயன்படுத்தும் பெயரையும், அதன் கீழே என் குறியையும் இட்டிருக்கிறேன். விற்பதைப் பற்றி அவர் பதில் வந்த பிறகு யோசிப்பேன்.

கத்தரி எழுதியது:

அவிழ்ந்த மொட்டு மனத்தை விட்டுப் போக மறுக்கிறது. பட்டையின் நீளத்தையும் சுருள்களின் வரிசையையும் இட முடியுமா? ஒரு முறை அப்படியே செய்து பார்த்துவிட்டு, வழக்கம்போல மேசையறைக்குள் வைத்துவிடுவேன்.

காகிதக்கிளி எழுதியது:

இடுகிறேன். இலைக்கு 20 சென்டிமீட்டர் பட்டை, இறுகிய மொட்டுக்கு 10, அவிழ்ந்ததற்கு 15. கிளை நாலு பட்டைகளை ஒன்றாக ஒட்டி நிமிர்த்தி வைத்தது. கீழிருந்து மூன்றாவது இலை மட்டும் தலைகீழாக இருக்கும். அது என் பசைப் பிழை, அதை அளக்க வேண்டாம்.